இதுதான் அவன் குடித்த பீடி

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பேருந்தில், ஷிப்ட் முடிந்து திரும்புகிற கூட்டத்துக்கு நடுவே, மடியில் ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பிரவீனா. இரும்பை அறுக்கிற கை மிஷின். ஒயரை முழங்கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அதன் தகடு குத்திவிடுமோ என்று பக்கத்துப் பெண் பாதி சீட்டில் தொற்றிக்கொண்டு வந்தாள்.

"இன்னாமா, ரிப்பேருக்கா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்ல, போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பிரவீனா காத்திருக்கவில்லை. கிரைண்டரை அவர் மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"சார், அந்தோணிராஜ் பீடி குடிச்சதாலதான் தீ புடிச்சிதுன்னு எழுதிகிறீங்களாமே. இதுதான் சார் அவன் குடிச்ச பீடி."

பிரவீனாவைத் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கோபக்காரி என்று அவளுக்கு எப்போதோ பெயர் விழுந்துவிட்டது. வடக்குப்பட்டில் பிறந்தவள். அப்பா சாம்சன், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் இவள் ஒருத்திதான் பெண். முடித்ததும் ஒரு கார் தொழிற்சாலையில் டிரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல் டேங்கை வண்டியின் அடியில் ஏற்றிப் பூட்டுகிற இடத்தில் வேலை. அங்கே தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். ஏதாவது தப்பாகப் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு டேங்கில் பம்பைப் பூட்டுகிற வளையம் சரியாக உட்காராததைப் பார்த்துவிட்டு பிரவீனா இழுத்தாள். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்து பார்த்தார். அவள் சொன்னது சரிதான். வளையத்தை மாற்றிவிட்டு, "இதுக்கெல்லாம் இழுக்காத, என்னைக் கூப்பிடு" என்று தணிந்த குரலில் சொன்னார்.

"அப்ப எதுக்கு சார் கயிறு கட்டி வெச்சிகிறீங்க?" என்று அவள் எல்லாருக்கும் கேட்கிறாற்போலக் கேட்டாள்.

டிரெய்னிங் காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கயிற்றை இழுத்ததற்காக இல்லை. அந்த பேட்ச்சில் யாரையுமே வைத்துக்கொள்ளவில்லை. தன்மேல் கோபப்பட்டு அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்பாள்.

அதற்கப்புறம்தான் வாலாஜாபாத் ரோட்டில் ராஜாமணி நடத்திய கார் ஷெட்டில் சேர்ந்தாள். ராஜாமணியைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தருவார், பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். ஆனால் அவருக்கு வண்டி வெளியே போனால்தான் வேலை. ஒரு வண்டி நிற்கிற நேரத்தில் இன்னொன்று வாசலில் ஹாரன் அடித்தால் அவர் கை பரபரக்கும். கார்களைத் தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிற ரகுபதி என்கிற டிராவல்ஸ்காரர்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. ரகுபதியின் கார்கள் எப்போதும் டேங்கின் அடியில் கிடக்கிற கொஞ்சப் பெட்ரோலில்தான் ஓடும். இன்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றுகிற பம்ப், டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிற சாமான். அந்தப் பெட்ரோல்தான் அதைச் சூடாகாமல் காப்பது. இது தெரிந்தும் ரகுபதி நிரப்பவிடமாட்டார். அதனால் அவர் வண்டிகளில் பம்ப் அடிக்கடி போகும்.

அந்த வேலையை பிரவீனாவும் அந்தோணிராஜும் சேர்ந்து செய்வார்கள். அந்தோணிராஜ் எட்டயபுரத்துப் பக்கத்துக்காரன். கம்பெனி வேலைக்கென்று வந்து, அது கிடைக்காமல், ராஜாமணியிடம் சேர்ந்தவன். அதிகம் பேசமாட்டான். பிரவீனா கத்துகிறபோதெல்லாம், "சரிக்கா, விடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பான். அவள் கோபம் அவனிடம் எடுபடாது. அதனாலேயே அவனை அவளுக்குப் பிடிக்கும்.

சம்பவம் நடந்த அன்றும் ரகுபதியின் கார்தான். ஓட்டி வந்தவர் முனிரத்தினம், ஐம்பதைத் தாண்டியவர், ஷெட்டுக்கு அடிக்கடி வந்து பழகியவர். மாலை ஷிப்டுக்கு வண்டி வேண்டும் என்று ரகுபதி போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தோணிராஜ் பழைய பம்பை வெளியே எடுத்துவிட்டான். புதிய பம்போடு வந்த ரப்பர் வளையம் அளவு சரியில்லை. பழைய வளையத்தையே போட்டால் பெட்ரோல் கசியும். வேறு வாங்க பிரவீனா ஷெட்டின் ஸ்கூட்டியில் ஸ்ரீபெரும்புதூர் கிளம்பினாள். கிளம்புமுன் ராஜாமணியிடம் சொன்னாள்.

"ண்ணா, டேங்க் தொறந்துகீது. பழைய பம்ப் தட்டுல கீது, அதுல பெட்ரோல் கீது. நா வர்ற வரைக்கும் கிரைண்டரு, வெல்டிங்கு எதுவும் போட்டுடாதீங்க."

"சரி சரி, நீ போமா," என்றார் ராஜாமணி.

அவள் போன கொஞ்ச நேரத்தில், சைலன்சர் உடைந்த ஒரு வேன் வந்தது. அடுத்த இடத்தில் நிறுத்தினார்கள். வேன்காரருக்கு அவசரம். ராஜாமணி கிரைண்டரை எடுத்தார்.

அந்தோணிராஜ் தரையில் உட்கார்ந்து, பழைய பம்பிலிருந்த, பெட்ரோல் அளவைக் காட்டுகிற மிதவையைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டிருந்தான். டேங்கின் வாயை ஈரத்துணியும் தகடும் போட்டு முன்பே மூடிவிட்டிருந்தான். அவன் முன்னாலிருந்த தட்டில்தான் பெட்ரோல். பெட்ரோல் ஆவி மேலே போகாது. காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி தரையோடு பரவும். ராஜாமணி அறுத்த சைலன்சரிலிருந்து பொறிகள் தரையில்தான் தெறித்தன.

அந்தோணிராஜின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெந்தன. கன்னத்தில் ஒரு பக்கம். முனிரத்தினம் தண்ணீர் கேனைத் தூக்கி வந்து அவன் கைமேல் கொட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரை ராஜாமணி எடுத்து அழுத்தினார். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரோட்டில் நின்ற ஒரு டிரெய்லர் டிரைவர் தன் வண்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அடித்த பிறகுதான் தட்டில் எரிந்தது அணைந்தது. டேங்கின் வாய் மூடியிருந்ததால்தான் காரும் ஷெட்டும் மிஞ்சின. மூடியவன் அந்தோணிராஜ்.

பிரவீனா வளையத்தோடு திரும்பியபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை ஷெட்டில் ராஜாமணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"போலீஸ் வந்து கேட்டாங்கமா. பையன் பீடி பத்த வெச்சிட்டான், அதான் இப்டி ஆயிடுச்சின்னு சொல்லிகிறேன். நீயும் அதையே சொல்லிடு. ஆஸ்பத்திரி செலவெல்லாம் நா பாத்துக்கறேன்."

"அந்தோணியா? அவன் பீடி குடிச்சி நீங்க பாத்துகிறீங்களா?"

"பாக்கறது பாக்காதது இன்னாமா இப்ப? ஷெட்ட மூடிட்டா எத்தினி பேரு வூட்ல அடுப்பு எரியும்? நீ அங்க இல்லவே இல்ல. உனுக்கு எதுக்கு வம்பு?"

அதுவரை அவரை 'நீங்க' என்று சொல்லி வந்தவள், அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"நா அங்க இல்லதான். ஆனா உன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லிட்டுதானே போனேன்? டேங்க மூடி வெச்சி உன் ஷெட்ட காப்பாத்தனவன் அவன். அவன் வாயிலயே பீடிய சொருகறியா நீ?"

"மரியாதையா பேசு பிரவீனா."

"உனுக்கு இன்னாத்துக்கு மரியாதை?"

கிரைண்டர் அந்த வேன் நின்ற இடத்திலேயே கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. குனிந்து எடுத்தாள். ராஜாமணி தடுக்கக் கை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். அப்படியே ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறியவள்தான், ஸ்டேஷனில் போய் இறங்கினாள்.

எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். கிரைண்டரை வாங்கிவைத்துக்கொண்டு எழுதித் தரச் சொன்னார். எழுதி முடிப்பதற்குள் ராஜாமணியிடமிருந்து போன் வந்துவிட்டது. மிஷினைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று.

"திருட்டு கம்ப்ளெயின்ட் குடுக்கறாரும்மா," என்றார் எஸ்.ஐ.

"எழுதிக்கோங்க சார். எங்க கெடந்துது, எதுக்குப் பக்கத்துல கெடந்துதுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. அதையும் சேத்து எழுதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "அந்தப் பையன் தன்மேல தப்பில்லன்னுதான் சொல்லுவான். கண்ணால பார்த்த வேற ஆள் வேணும்மா," என்றார். "டிரைவர் முனிரத்தினம் டீ குடிக்கப் போயிருந்தேன், பார்க்கலன்னு சொல்லிட்டாரு. வேன்காரர் யாருன்னே தெரியல."

தீக்காய வார்டில் அந்தோணிராஜ் இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தான். ஊரிலிருந்து வந்திருந்த அவன் அம்மா சொர்ணம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காராமல்.

"நான் சொன்னேன்க்கா," என்றான் அவன். "அண்ணாச்சி, தட்டுல பெட்ரோல் கெடக்குன்னு சொன்னேன். ஷட்டர் தொறந்துதான இருக்கு, காத்துல போயிரும்னாவ."

"சொன்ன சரி. அவரு மிஷின ஆன் பண்ணதும் எழுந்து ஓடி வர்றதுக்கு இன்னா உனுக்கு?"

"மொதலாளி வேலை செய்யுதாவ, நான் எழுந்து ஓடவாக்கா?"

"ஓடணும்டா! அப்பதான்டா ஓடணும்!"

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொர்ணம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேசு கீசுன்னு வேண்டாம்த்தா. எம்பிள்ளை உசிரோட கெடக்கான், அது போதும். அவிய பெரிய ஆளுவ. நாங்க ஊருக்குப் போயிருதோம்."

பிரவீனாவால் அந்த அம்மாளிடம் கத்த முடியவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி சுவரை எட்டி உதைத்தாள். கால் வீங்கி நொண்டிக்கொண்டு வீடு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்ட அப்பாவிடமும் எரிந்து விழுந்தாள்.

அதன் பிறகு அவள் ஷெட்டுக்குப் போகவில்லை. வடக்குப்பட்டில் வீட்டை ஒட்டியிருந்த காலி மனையில், சொந்த டூல்ஸை வைத்துக்கொண்டு வருகிற வண்டிகளைப் பார்த்தாள். சாம்சன் சொல்லி, பஸ் டிரைவர்கள் சிலர் தங்கள் கார்களைக் கொண்டுவந்தார்கள். விசாரணை முடியும்வரை ராஜாமணியின் ஷெட் பூட்டியிருந்தது. வேலை இருந்தது, ஆனால் எந்த வேலையிலும் அவள் மனம் ஆறவில்லை. எவனாவது பீடி பற்றவைப்பதைப் பார்த்தாலே தாடை இறுகிவிடும்.

ஒருநாள் முற்பகலில், ரகுபதியின் இன்னொரு கார் வடக்குப்பட்டு அருகே நின்றுவிட்டது. சூடானால் அணைவது, ஆறினால் கிளம்புவது. இரண்டு பேர் அதை மனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர் முனிரத்தினம். பிரவீனாவைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார்.

"இங்க வேற மெக்கானிக் யாரும் இல்லியா?"

"ஏன், நா செஞ்சா ஓடாதா?"

பிரவீனா பின்சீட்டில் காதை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னாள். உள்ளேயிருந்து பம்பின் ரீங்காரம் திணறித் திணறி வந்தது. "பம்ப் போச்சு," என்றாள். ரகுபதிக்குப் போன் போய், வாலாஜாபாத்திலிருந்து ஒரு ஆள் புதிய பம்பை பைக்கில் கொண்டுவந்து கொடுத்துப் போனான். அவள் பெட்டியைப் பிரித்து முதலில் ரப்பர் வளையத்தைத்தான் அளந்து பார்த்தாள்.

"எவ்ளோ நேரமாவும்?" என்றார் முனிரத்தினம்.

"ஆவற நேரம் ஆவும். இன்ஜின் ஆறட்டும் மொதல்ல. போன குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடுண்ணா!"

அவர் போனையும் தன் போனையும் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, தெருப்பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். யாரும் உள்ளே வராதபடி மனையில் இரண்டு பக்கமும் கயிறு கட்டினாள். பிறகு புது சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மீட்டர் முள் சிவப்பில் இல்லாமல் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, முனிரத்தினத்தின் கையில் திணித்தாள்.

"இங்கியே நில்லு. நா சொல்ற வரைக்கும் நகரக் கூடாது."

பம்புக்குப் போகிற பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டாள். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து அதுவாக அணைந்தது. இன்னொரு தடவை சாவியைத் திருப்பி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, திரும்பத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கினாள். பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே அடைபட்டிருந்த காற்றை வெளியே விட்டாள். டேங்கில் இருந்ததைக் கைப்பம்பால் கேனில் இறக்கி, மூடி, தூரத்தில் நிழலில் வைத்தாள். பின்சீட்டைத் தூக்கினாள். கீழே தகட்டைத் திறந்து, உள்ளே விழாதபடி சுற்றியிருந்த மண்ணையெல்லாம் துடைத்தாள். ஒவ்வொரு தடவை காருக்குள் கை வைக்கும்போதும் வெளியே பாடியின் இரும்பை ஒரு தொடு தொட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றார் முனிரத்தினம்.

"சட்டை உரசினாலே பொறி வரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இரும்பத் தொட்டா அது எறங்கிடும். அதுக்கே இவ்ளோ பயப்படணும். கிரைண்டர் பொறி எவ்ளோ பெருசு, நீ பாத்தியே. பாக்கலியா? டீ குடிக்கப் போய்ட்ட இல்ல?"

அவர் சிலிண்டரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

குழாயைக் கழற்றும் இடத்தில் துணியைச் சுற்றி, கசிந்த கொஞ்சத்தையும் அதிலேயே பிடித்தாள். பம்பை இறுக்கியிருந்த பெரிய வளையத்தை இரும்புச் சுத்தியால் அடிக்கவில்லை. பித்தளைத் துண்டை வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டித் திருப்பினாள். வேலையில் அவசரமே இல்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தாடையில் தெரிந்தது. கோபத்தில் இருக்கிற ஒருத்தி இவ்வளவு மெதுவாக வேலை செய்து முனிரத்தினம் பார்த்ததில்லை. மிதவையின் கம்பி வளையாமல், பம்பைச் சாய்த்து வெளியே எடுத்தாள். வாயை உடனே மூடினாள். பழைய பம்பை மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்தாள்.

பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தபோது முனிரத்தினம் கையிலிருந்த சிலிண்டரைப் பார்த்தார்.

"அன்னிக்கு இந்த மாதிரி ஒண்ணு என் கையில இருந்திருந்தா..." என்றார்.

பிரவீனா நிமிர்ந்தாள். காரைவிட்டு இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இது இல்லன்னா போவுது. வாய் இருந்திச்சு இல்ல? 'ராஜாமணி, நிறுத்துடா'ன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் இருந்திச்சு இல்ல? அப்ப சொல்லல. சரி, பயம். போலீஸ் வந்து கேட்டாங்களே, அப்பவும் சொல்லல. தண்ணி ஊத்தினியே அவன் கைமேல. தோலு உன் கையோட வந்துதுன்னு கேள்விப்பட்டேன். அந்தக் கையால எப்பிடிண்ணா டீ கிளாஸப் புடிச்சேன்னு சொன்ன?"

"ரகுபதி வேலைய விட்டுத் தூக்கிடுவாருமா. பொண்ணு கல்யாணம் வெச்சிகிறேன்..."

"எல்லாருக்கும் ஒரு கல்யாணம் கீது. அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா இப்ப, பீடி குடிச்சி ஷெட்ட கொளுத்தனவன்னு?"

முனிரத்தினம் அழுதார். பிரவீனா அவரைத் தேற்றவில்லை. திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள். புது வளையத்தை உட்காரவைத்து, பம்பின்மேல் இருந்த அம்புக்குறியும் டேங்கின் கோடும் நேராக வருகிறதா என்று பார்த்து இறக்கிப் பூட்டினாள். குழாயை, 'டிக்' என்று கேட்கிறவரை அழுத்திவிட்டு, பின்னால் இழுத்தும் பார்த்தாள். கேனிலிருந்த பெட்ரோலை ஊற்றி, பியூஸையும் பேட்டரியையும் மாட்டினாள். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் சில தடவை போட்டு நிறுத்தி, விரலால் இணைப்புகளைச் சுற்றித் தடவினாள். ஈரம் இல்லை. அப்புறம்தான் கிளப்பினாள். முதல் திருப்பிலேயே ஓடியது.

"எடுத்துகினு போ," என்றாள்.

முனிரத்தினம் சிலிண்டரைக் கீழே வைத்தார். காரில் ஏறினார். ஆனால் ரகுபதியின் ஆபீஸ் இருக்கிற ஒரகடம் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷனுக்குப் போய், கிரைண்டரைப் பிடித்தது யார், அந்தோணிராஜ் என்ன சொன்னான், அதற்கு என்ன பதில் வந்தது, சுவரிலிருந்த சிலிண்டரிலிருந்து என்ன வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் பயந்தபடியே ரகுபதி வேலையைவிட்டு நிறுத்தினார். சாம்சன் பேசி, ஒரு பள்ளிக்கூட வேனுக்கு அவரை அனுப்பிவைத்தார். பிரவீனா அதற்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. "மொதல் நாளே சொல்லியிருக்கணும்," என்றாள்.

ராஜாமணிமேல் வழக்கு பதிவானது. பீடிக் கதை அதோடு போயிற்று. கிரைண்டர் திருட்டுப் புகாரை ராஜாமணியே திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தோணிராஜ் ஊருக்குப் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தான். இடது கையில் இரண்டு விரல்கள் முழுக்க மடங்கவில்லை. வடக்குப்பட்டு மனையில் அவளோடு சேர்ந்தான். பெட்ரோல் வேலை வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான். அவள் எதுவும் கேட்பதில்லை. ஒரு தடவை டேங்க் திறந்திருந்த நேரத்தில், யாரோ வாயில் சிகரெட்டோடு கயிற்றைத் தாண்டி வந்தார்கள். "ஏ, போலே அந்தப்பக்கம்! போலேங்கேன்!" என்று வெளியே ஒரு சத்தம் கேட்டது. அப்படி ஒரு குரல் அவனிடம் இருக்கும் என்று பிரவீனாவுக்குத் தெரியாது. தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வேலையில் குனிந்தாள்.

வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது. சாட்சி சொல்ல அவளை வரச்சொன்ன நாளில், கோர்ட் வராந்தாவில் ராஜாமணி வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும், ஷெட்டில் தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சாப்டியாமா?"

பிரவீனாவுக்கு உச்சந்தலைவரை கோபம் சுர்ரென்று ஏறியது. அவர் திட்டியிருந்தால்கூடப் பேசாமல் போயிருப்பாள்.

"இத ஒரு வாட்டி அவன கேட்டியா நீ? ஆஸ்பத்திரில அவங்க அம்மா ஊட்டி விட்டாங்க. அவ்ளோ நாள்ல ஒரு வாட்டி வந்து கேட்டியா?"

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். துப்பட்டாவை இழுத்துச் சரி செய்துகொண்டு பிரவீனா உள்ளே போனாள்.